மறுபடி

ஹல் துறைமுகத்தில், மரண விசாரணை அறையில்
மேவிஸ் ஹெப்பிளுக்குச் சுருக்கெழுத்து வேலை.
பத்தொன்பது வருடம்.
ஒரு சொல் காதில் விழாமல் போனால்
அதிகாரியையே இடைமறித்துக் கேட்கலாம்.
அந்த அறையில் வேறு யாருக்கும் அது கிடையாது.

எப்படிக் கேட்பது என்பதில்தான் சிக்கல்.

'பார்டன்' என்று சொல்ல வேண்டும், அம்மாவின் சட்டம்.
மன்னிப்பை யாசிக்கும் நீண்ட வாக்கியத்தின்
தேய்ந்த வால் அது.
'வாட்' என்றால் கரண்டி பறந்து வரும்.
பிறகு ஒரு விருந்தில்
வழக்கறிஞரின் மனைவி சொன்னாள்:
பெரிய வீடுகளில் 'வாட்'தான்,
'பார்டன்' எல்லாம் கடைக்காரர்கள் சொல்வது.
அன்று முதல் மேவிஸ் இரண்டையும் விட்டுவிட்டு
புருவத்தை மட்டும் உயர்த்தினாள்.

மீன் இறங்குதுறையில் 'யூ வாட்?'
கேள்வி பாதி, சண்டை பாதி.
வாயிற்காவலர் லெஸ்லி டாட்ஸ், பழைய பீரங்கிப்படை ஆள்,
'சே அகெய்ன்' என்பார்.
'ரிப்பீட்' மட்டும் வாயில் வராது.
வயர்லெஸ்ஸில் அதற்கு
'அதே இடத்தில் இன்னொரு தரம் சுடு' என்று அர்த்தமாம்.

'கம் அகெய்ன்' என்கிறவர்களும் உண்டு.
மறுபடி வா.
சொல்லை விருந்தாளிபோல்
வாசலுக்குத் திருப்பி அனுப்பி
இன்னொரு தரம் மணி அடிக்கச் சொல்வது.

'கேட்ச் பண்ணவில்லை' என்பார்கள், பந்து நழுவியதுபோல.
இதை எழுதும்போது என் கை தயங்குகிறது.
பிடிக்கவில்லை என்று எழுதினால்
தமிழில் அது வெறுப்பாகிவிடும்.

எழுபத்தொன்று, பிப்ரவரி.
மூலையில் ஹீட்டர் தட்டிக்கொண்டிருந்தது.
'கிட்டிவேக்' இழுவைப்படகிலிருந்து
கடலில் போன நார்மன் ஸ்டாதர்ஸ், வயது நாற்பத்தாறு.
சாட்சி டெரெக் கஷ்வொர்த், பதினெட்டு.
கடன் வாங்கிய கோட்டு. கை முழுக்கத் தைத்த காயம்.

"காத்து, சார்.
அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.
ஏதோ கத்தினார். எனக்குக் கேக்கல.
'யூ வாட்?'னு கத்தினேன்.
மறுபடி சொல்லத்தான்
கயித்த விட்டுட்டு
ரெண்டு கையையும் வாய்ல குவிச்சார்."

அதற்குப் பிறகு சொன்னது
கோட்டுக் காலருக்குள் போய்விட்டது.

அதிகாரி முன்னால் சாய்ந்தார்.
"சாரி?"

வருத்தத்துக்கும் அதே சொல்,
மன்னிப்புக்கும் அதே சொல்,
காது கேட்கவில்லை என்பதற்கும் அதே.
பையன் எதை எடுத்துக்கொண்டானோ,
"பரவால்ல சார்" என்றான்.

யாரும் அசையவில்லை.
மேவிஸின் பென்சில்
'பரவால்ல'வின் மேல் நின்றது.

பிறகு அவன் தரையைப் பார்த்துச் சொன்னான்,
மேவிஸ் மேசைக்கு மட்டும் எட்டுகிற குரலில்:

"மொதல்ல பேசினது நான்தான்.
டீ வேணுமான்னு கேட்டேன்.
ராத்திரி படுத்துக்கிட்டு
அவர் வாய் எப்படிப் போச்சுன்னு நெனச்சுப் பாத்தேன்.
அவரும் 'யூ வாட்?'னுதான் கத்தியிருக்கார்."

அதிகாரி காதருகே கை வைத்தார்.
என்ன சொன்னாய் என்று கேட்க
வாய் திறப்பதற்குள்
மேவிஸ் எழுந்தாள்.
"என்னிடம் இருக்கிறது, சார். வாசிக்கிறேன்."

ரயில் நேரம் அறிவிக்கிற குரலில் வாசித்தாள்.
டீ வேணுமா. நிறுத்தம்.
யூ வாட். நிறுத்தம்.
யூ வாட். நிறுத்தம்.
பையன் தலையை மட்டும் அசைத்தான்.
லெஸ்லி டாட்ஸ் கதவுப் பிடியைத் துடைத்தார்,
அது சுத்தமாகத்தான் இருந்தது.

அன்றிரவு ஏழு மணிக்கு
கெட்டிலின் விசிலுக்கு மேலே
சமையலறையிலிருந்து அவள் கணவன் ஏதோ கேட்டான்.
மேவிஸ் திருப்பிக் கத்தவில்லை.
பின்னலைக் கீழே வைத்து
செருப்பைத் தேடி மாட்டி
நடைவழி முழுக்க நடந்துபோய்
அவன் முகத்துக்கு நேராக நின்றாள்.

குப்பைத் தொட்டியை வெளியே வைத்தாயா
என்றுதான் கேட்டானாம்.